49-0: ராக்கி மார்சியானோ ஜாம்பவானா, இல்ல அவர் காலத்து எதிராளிகள் சுமாரா?

49 சண்டை. 49 வெற்றி. அதில் 43 நாக்-அவுட். ஒரு டிராகூட கிடையாது. ஹெவிவெயிட் உலக சாம்பியன்களில் இப்படி ஒரு கறையும் இல்லாமல் ஓய்வு பெற்று, கடைசிவரை அந்தக் கணக்கைக் காப்பாற்றிய ஒரே ஆள் அமெரிக்காவின் ராக்கி மார்சியானோ.

ஆனால், அவர் பேரை எடுத்தாலே குத்துச்சண்டை ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அந்தப் பூஜ்ஜியம் போதும். இன்னொரு கட்சியோ, அவர் அடிச்சதெல்லாம் வயசான ஆட்களை, அந்த டிவிஷனில் அப்போது சரக்கே இல்லை என்று சொல்லும். எது சரி? அதற்கு மார்சியானோவை மட்டும் பார்த்தால் போதாது. எதிரே நின்றவர்களையும் பார்க்கணும்.

செருப்புத் தொழிற்சாலை ஊர்ப் பையன்

1923 செப்டம்பர் 1-ம் தேதி மாசச்சூசெட்ஸ் மாநிலம் பிராக்டனில் பிறந்தார். இத்தாலியில் இருந்து வந்த குடும்பம். இயற்பெயர் ராக்கோ பிரான்சிஸ் மார்செஜியானோ. அப்பாவுக்கு ஷூ தொழிற்சாலையில் வேலை. ஊருக்கே அதுதான் பிழைப்பு. பையனுக்கோ பேஸ்பால் பைத்தியம். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, 1947-ல் சிகாகோ கப்ஸ் அணியின் கிளை அணியில் சேர முயன்றார். எடுக்கவில்லை. அதன் பிறகுதான் முழுநேரமாக ரிங்குக்குள் வந்தார்.

குத்துச்சண்டைக்கு ஏற்ற உடம்பு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உயரம் 5 அடி 10 அங்குலம் சொச்சம். கை நீளமோ ஹெவிவெயிட் சாம்பியன்களிலேயே ரொம்பக் குறைவு. எடை 84, 85 கிலோ. இன்றைக்கு இருந்தால் 90.7 கிலோ வரம்புள்ள குரூசர்வெயிட் பிரிவில்தான் நிறுத்துவார்கள். அப்போது அந்தப் பிரிவே கிடையாது. பயிற்சியாளர் சார்லி கோல்ட்மேன் இந்தக் குட்டை உடம்பை இன்னும் குனிய வைத்தார். குனிந்தபடியே உள்ளே நுழைந்து, கீழே இருந்து வீசும் அடி. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பட்டால் ஆள் எழுந்திருப்பது கஷ்டம்.

ஆரம்பத்தில் யாரை அடித்தார்?

இங்கே விமர்சகர்கள் சொல்வதை ஒப்புக்கொண்டுதான் ஆகணும். முதல் இரண்டு, மூன்று வருட வெற்றிகளில் பெரும்பாலானவை பக்கத்து ஊர் பிராவிடன்ஸில் கிடைத்தவை. எதிரே நின்றவர்களில் நிறைய பேர் இன்று யாருக்கும் நினைவில் இல்லாதவர்கள். வளரும் வீரர்களுக்கு அன்றும் இன்றும் இப்படித்தான் கணக்கு ஏற்றுகிறார்கள். 49 என்ற எண்ணை எடை போடும்போது இந்த ஆரம்பகட்டச் சண்டைகளைத் தள்ளிவைத்துவிடலாம்.

1949 டிசம்பர் 30-ம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கார்மைன் விங்கோ என்ற இளைஞரை மார்சியானோ நாக்-அவுட் செய்தார். விங்கோ கோமாவுக்குப் போய்விட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் மறுபடி சண்டை போடவே இல்லை. பிழைப்பாரா என்று தெரியாமல் இருந்த அந்த நாட்கள் மார்சியானோவை உலுக்கிவிட்டன.

மூன்றே மாதத்தில், 1950 மார்ச்சில் ரோலண்ட் லாஸ்டார்சா. அவரும் அதுவரை தோற்காதவர். 10 ரவுண்டு முடிவில் நடுவர்களில் ஒருவர் இவருக்கு, ஒருவர் அவருக்கு. மூன்றாமவரின் தாளில் ரவுண்டுகள் சமம். கூடுதல் புள்ளிக் கணக்கில்தான் மார்சியானோ தப்பித்தார். 49-0 உடையும் அளவுக்கு நெருங்கிப்போன சண்டை என்றால் முதலில் இதைத்தான் சொல்லணும்.

வயசானவர்கள்தான்... ஆனால் ஏன்?

இப்போது முக்கியமான நான்கு பெயர்கள்: ஜோ லூயிஸ், ஜெர்சி ஜோ வால்காட், எஸார்ட் சார்லஸ், ஆர்ச்சி மூர்.

1951 அக்டோபரில் லூயிஸை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தியபோது லூயிஸுக்கு வயது 37. ஓய்விலிருந்து திரும்பி வந்து, வருமான வரிக் கடனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர். சின்ன வயதிலிருந்து ஆராதித்த ஹீரோவை ரிங்குக்கு வெளியே தள்ளிவிட்டு மார்சியானோ அழுதார். டிவிஷனின் பலத்தை அளக்க இந்த வெற்றி உதவாது. அதை அவர் கணக்கில் பெரிதாக ஏற்றாமல் விடுவதுதான் நியாயம்.

வால்காட் கதை வேறு. 1952 செப்டம்பர் 23-ல் பிலடெல்பியாவில் மோதியபோது அவருக்கு 38. ஆனால் அவர் களைத்துப்போன ஆள் இல்லை. நான்கு முறை பட்டத்துக்கு மோதித் தோற்று, ஐந்தாவது முறை, 37 வயதில்தான் சாம்பியன் ஆனார். அந்த இரவு முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைக் கீழே விழ வைத்தார். 12 ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களின் தாளிலும் வால்காட்தான் முன்னிலை. 13-வது ரவுண்டில் மார்சியானோவின் ஒரே ஒரு வலக்கை அடி பட்டத்தை மாற்றியது. மறுமோதலில் வால்காட் முதல் ரவுண்டையே தாண்டவில்லை.

மூரும் அப்படித்தான். 1930-களிலேயே ரிங்கில் இறங்கிய அவருக்கு லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்பு கிடைத்தது 1952 டிசம்பரில். அந்த மூரை 1946-ல் இருந்து 1948-க்குள் மூன்று முறை அடித்தவர் சார்லஸ். ஆனாலும் சார்லஸுக்கு லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை கிடைக்கவே இல்லை. திறமையான கறுப்பின வீரர்களை வருஷக்கணக்கில் வாசலிலேயே நிற்க வைத்த காலம் அது. நடுவில் உலகப் போர் வேறு சில வருடங்களை விழுங்கியது. எதிராளிகள் வயசானவர்கள் என்பது உண்மை. அவர்களை வயசாகும்வரை காக்க வைத்தார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டாவது பாதியை விவாதங்களில் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

சார்லஸுக்கு அந்த வயசுப் பேச்சும் பொருந்தாது. 1954 ஜூனில் மோதியபோது 32 வயதுதான். மார்சியானோவோடு முழு 15 ரவுண்டும் நின்ற ஒரே வீரர் அவர். செப்டம்பர் மறுமோதலில் மார்சியானோவின் மூக்கு நுனி பிளந்து ரத்தம் கொட்டியது. சண்டையை நிறுத்திவிடுவார்களோ என்ற நிலை. எட்டாவது ரவுண்டில் சார்லஸை வீழ்த்தி முடித்தார். அவரது ஆகச்சிறந்த வெற்றி எது என்றால் வால்காட்டை விட இந்த சார்லஸ் சண்டைகளைத்தான் சொல்லவேண்டும்.

மோதாமல் விட்டது யாரை?

ஒரு டிவிஷனின் ஆழத்தைப் பார்க்க சாம்பியன் யாரை அடித்தார் என்பது பாதிக் கணக்குதான். சவால் விட வேண்டியவர்கள் தங்களுக்குள் மோதி என்ன செய்தார்கள் என்பது மீதி. கியூபாவின் நினோ வால்டெஸ் பெயர் இங்கேதான் வருகிறது. தரவரிசையில் முன்னணியில் இருந்தும் மார்சியானோ அவரோடு மோதவில்லை. 1953-ல் சார்லஸையே பாயின்ட் கணக்கில் தோற்கடித்தவர் வால்டெஸ். விட்டதில் பெரிய பெயர் இதுதான்.

ஆனால் அதே வால்டெஸை 1953-லும், 1955 மே மாதத்திலும் மூர் தோற்கடித்தார். அந்த மூரோடு மார்சியானோ 1955 செப்டம்பர் 21-ல் யாங்கி ஸ்டேடியத்தில் மோதினார். இரண்டாவது ரவுண்டில் கீழே விழுந்து எழுந்து, ஒன்பதாவதில் முடித்தார். ஆக, வால்டெஸ் என்ற ஓட்டையை மூர் பாதி அடைத்துவிட்டார் என்று சொல்லலாம். பாதிதான். பாணி மாறினால் முடிவும் மாறும் விளையாட்டு இது.

யார் யாரோடு மோதுவது என்பதை வீரர்கள் மட்டும் முடிவு செய்ததும் இல்லை. இன்டர்நேஷனல் பாக்ஸிங் கிளப் என்ற நிறுவனத்தின் பிடியில்தான் பட்டச் சண்டைகள் இருந்தன. மார்சியானோவின் மேனேஜர் ஆல் வைல், அங்கேயே சண்டைகளை ஏற்பாடு செய்யும் வேலையிலும் இருந்தவர். குத்துச்சண்டைத் தொழிலுக்கும் ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தும் என்று 1955-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த நிறுவனத்தின் மீதான வழக்கில்தான்.

மூருடன் நடந்ததே கடைசிச் சண்டை. 1956 ஏப்ரலில், 32 வயதில் ஓய்வு. அந்த நவம்பரில் காலியான பட்டத்துக்கு மூரும் 21 வயது பிளாய்ட் பேட்டர்சனும் மோதினார்கள். பேட்டர்சன் ஐந்தே ரவுண்டில் ஜெயித்தார். புதிய தலைமுறை வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் மார்சியானோ கிளம்பிவிட்டார் என்று சந்தேகப்படுகிறவர்கள் காட்டுவது இதைத்தான். 1959-ல் திரும்பி வர ரகசியமாகப் பயிற்சி எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த யோசனையைக் கைவிட்டார்.

1969-ல் வேறு மாதிரி ஒரு சண்டை. கம்ப்யூட்டர் கணக்கை வைத்து அவரையும், தடையில் இருந்த முகமது அலியையும் மோதவிட்டுப் படம் பிடித்தார்கள். அதற்காக உடம்பை ஏகத்துக்கும் இளைத்து, தலையில் விக் வைத்து நடித்தார் மார்சியானோ. முடிவு என்ன என்று இருவருக்கும் சொல்லப்படவில்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 31-ம் தேதி, அயோவா மாநிலம் நியூட்டன் அருகே சிறிய விமானம் விழுந்து இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள்.

1970 ஜனவரியில் படம் தியேட்டர்களுக்கு வந்தது. அமெரிக்காவில் காட்டியதில் 13-வது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி ஜெயித்தார்.