பாரம் சுமக்காத சுவர்

உங்கள் ஹாலில் டிவி மாட்டியிருக்கும் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். அதை எடுத்துவிட்டால் மேல்தளம் விழுமா? பல ஃபிளாட்டுகளில் விழாது. பாரத்தைத் தூணும் பீமும் பார்த்துக்கொள்ளும். (சுவரையே கான்கிரீட்டில் வார்த்த கட்டடம் என்றால் சுவர்தான் தூண். பொறியாளரைக் கேட்காமல் சுத்தியலை எடுத்துவிடாதீர்கள்!) பாரம் சுமக்க வேண்டாத சுவருக்கு அப்புறம் என்ன வேலை? இதைத் தன் கட்டடங்களில் கேட்டுப் பார்த்தவர் மீஸ் வான் டெர் ரோஹே.

ஜெர்மனியின் ஆகன் நகரில் 1886இல் பிறந்தார். அப்பா கல் வேலைக்காரர். மகன் கட்டடக்கலைப் பட்டம் வாங்கவில்லை. ஆனால் கல்லைத் தொட்டுத் தெரிந்தவர். 1929இல் பார்சிலோனா பொருட்காட்சியில் ஜெர்மனிக்காக ஒரு மண்டபம் கட்டினார். கூரையை மெல்லிய எஃகுத் தூண்கள் தாங்கின. நடுவில் ஓனிக்ஸ் கல்லில் ஒரு சுவர். கிடைத்த கல்லின் உயரம் எவ்வளவோ, அதில் இரண்டு மடங்குதான் மண்டபத்தின் உயரம். சுவருக்காகக் கூரை!

அடுத்த ஆண்டே, இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரில், டூகென்ட்ஹாட் தம்பதியருக்கு அவர் கட்டிய வீடு முடிந்தது. பரந்த ஹாலில் கண்ணில் நிற்பவை இரண்டே சுவர்கள். ஒன்று, மொராக்கோவிலிருந்து வந்த தேன்நிற ஓனிக்ஸ். குளிர்காலத்தில் மாலை வெயில் சாய்வாக விழும்போது கல்லே உள்ளிருந்து சிவந்து ஒளிரும். அதில் படம் மாட்ட யாருக்கு மனம் வரும்? மற்றொன்று, சாப்பாட்டு மேசையை அரைவட்டமாக அணைத்து நிற்கும் கருங்காலிப் பலகைச் சுவர்.

அந்தக் குடும்பம் யூதக் குடும்பம். அங்கே வாழ்ந்தது எட்டே ஆண்டுகள். 1938இல் நாட்டைவிட்டுத் தப்பினார்கள். மீஸ் 1934இல் ஹிட்லரை ஆதரித்த அறிக்கையில் கையெழுத்திட்டவர். அந்தக் கறையை மறைத்து அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. அவரும் 1938இல் அமெரிக்கா போனார். சிகாகோவில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுப்பிப் பெரும்புகழ் பெற்று, 1969இல் காலமானார்.

போரைத் தாண்டி ஓனிக்ஸ் சுவர் நின்றது. கருங்காலிச் சுவர் மட்டும் காணாமல் போயிருந்தது. 2011இல்தான் அதன் பலகைகள் அகப்பட்டன. அதே ஊரில், போர்க்காலத்தில் கெஸ்டபோ இருந்த கட்டடத்தில், இப்போது பல்கலைக்கழக கேன்டீனாக இருக்கும் அறையின் சுவரில் அவை பதிந்திருந்தன. அடுத்த ஆண்டு வீட்டைப் புதுப்பித்து முடித்தபோது, பலகைகள் பழையபடி சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றன. அந்த மேசையில் சாப்பிட்ட பெற்றோர் இருவரும் அப்போது உயிரோடு இல்லை.