யார் இந்த அய்ய நாடார்? பழைய தீப்பெட்டி லேபிள்கள் சொல்லும் சிவகாசியின் கதை

பழைய தீப்பெட்டி லேபிள் சேகரிக்கிறவங்க கையில் சிவகாசி லேபிள் ஒன்று கிடைத்தால், முதலில் எழும் கேள்வி: இதைத் தயாரித்தது யார்? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனா, கடைசியில் வந்து நிற்கிற பெயர்களில் ஒன்று பி. அய்ய நாடார்.

கல்கத்தா பயணம்

1905ல் பிறந்தவர் அய்ய நாடார். அப்போ சிவகாசி, மழை பொய்க்கும் மானாவாரி பூமி. விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாத நிலை. 1922ல் உறவினர் சண்முக நாடாருடன் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றார். அதே ஆண்டில் வெளிநாட்டுத் தீப்பெட்டி மீதான இறக்குமதி வரி உயர்ந்தது, உள்ளூர் தயாரிப்புக்கு வாய்ப்பானது.

மெஷின் கைகொடுக்கல, கை கொடுத்தது

ஊர் திரும்பி ஜெர்மனி இயந்திரங்களை வைத்து ஆரம்பித்த முயற்சி சரிவரவில்லை. ஆனா இருவரும் தொழிலை விடல. கையாலேயே செய்யும் முறைக்கு மாறினார்கள். குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி ஒட்டுவது என வேலை பிரிந்தது. வறண்ட வானிலையில் மருந்து சீக்கிரம் காய்ந்தது. எந்த வறட்சி விவசாயத்தைக் கெடுத்ததோ, அதுவே தொழிலுக்குத் துணையானது. 1926ல் இருவரும் தனித்தனியே தொழிலைத் தொடர்ந்தனர். பின்னர் பட்டாசும் வந்தது.

லேபிளில் என்ன இருக்கு?

எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் படத்தைச் சொல்லித்தான் தீப்பெட்டி கேட்பார். அதனால அணில், காக்கா, சேவல் போன்ற படங்களே முத்திரையாகின. இந்த லேபிள்களை அச்சடிக்கும் தேவைதான் சிவகாசியை அச்சு நகரமாகவும் ஆக்கியது.

ஆனா படத்தை மட்டும் நம்பி தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்க முடியாது. விற்பனையாகும் படத்தை மற்றவர்களும் லேசாக மாற்றி அச்சடிப்பாங்க. எனவே கவனிக்க வேண்டியவை:

• கீழே பொடி எழுத்தில் உள்ள ஆலைப் பெயர், ஊர்ப் பெயர்.

• ராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால், பெரும்பாலும் 1985க்கு முந்தையது. அந்த ஆண்டுதான் விருதுநகர் தனி மாவட்டமானது.

• வரி கட்டியதற்கான ஒட்டுத்தாள் இருந்தால், 1934ல் தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சட்டம் வந்த பிறகு தயாரானது.

• பெட்டி மெல்லிய மரத்தகடா, அட்டையா? அட்டை பிற்காலத்தது.

லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்காதீங்க. மை கலையலாம், ஒட்டுத்தாளும் கிழியலாம். பெட்டியோடு வைத்தால்தான் ஆதாரம் முழுசா இருக்கும்.

விட்டுச்சென்றது என்ன?

அய்ய நாடார் சிவகாசி நகராட்சித் தலைவராகவும் இருந்தார். அவர் பெயரும் ஜானகி அம்மாள் பெயரும் தாங்கிய கல்லூரி 1963ல் தொடங்கியது. 1982ல் அவர் காலமானார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கைவேலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதே கைவேலைக்குள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் இழுக்கப்பட்டனர். சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு தந்தது.

லேபிளில் ஆலையின் பெயர் இருக்கும். குச்சி அடுக்கிய, பெட்டி ஒட்டிய விரல்களின் பெயர் எந்த லேபிளிலும் இல்லை.