காற்றையே மருந்தாகத் தந்த டாக்டர்

மதுரையிலிருந்து சென்னை எழும்பூருக்கு ரெயிலில் போகிறவர்கள், தாம்பரத்தைத் தாண்டியதும் ஒரு சிறிய ஸ்டேஷனைப் பார்க்கலாம். அதன் பெயர் தாம்பரம் சானடோரியம்.

அந்தப் பெயர் வரக் காரணமானவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து.

சீமைக்குப் போய் டாக்டருக்குப் படித்தவர் அவர். அந்தக் காலத்தில் சயரோகத்துக்கு ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துள்ள சாப்பாடு. இவ்வளவுதான் வைத்தியம்!

இங்கிலாந்தில், மெண்டிப் மலையில் சவுரிமுத்து ஒரு சானடோரியம் நடத்தினார். இந்தியாவை வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம் அது. அவர்கள் நாட்டிலேயே ஓர் இந்தியர் ஆஸ்பத்திரி நடத்தியது சின்ன விஷயமா?

கணித மேதை

1914-ம் ஆண்டு கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அதே கப்பலில் சவுரிமுத்துவும் போனார். இருவரும் பழகினார்கள்.

1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். சயரோகம் என்று நினைத்து, சவுரிமுத்துவின் சானடோரியத்தில் சேர்த்தார்கள். அங்கே அவர் நெடுநாள் தங்கவில்லை. 1920-ல் சென்னையில் காலமானார். அவருக்கு வந்தது சயரோகமே அல்ல என்று பிற்கால டாக்டர்கள் சிலர் கருதுகிறார்கள்.

12 படுக்கைகள்

தாய்நாடு திரும்பிய சவுரிமுத்து, 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு சானடோரியம் தொடங்கினார். பணமுடை வாட்டியது. 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்று அது பெரிய நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி.

நோயாளி தேற வேண்டும் என்றுதான் அவர் ஜன்னலைத் திறந்து வைத்தார். பக்கத்தில் இருப்பவரைக் காப்பதற்கும் அதுவே வழி என்பது பின்னால்தான் ஐயமறத் தெரிந்தது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர்கள், 1950-களின் கடைசியில் ஒரு சோதனை செய்தார்கள். சயரோகிகள் இருந்த அறைக் காற்றைக் குழாய் வழியாகக் கினிப் பன்றிகளின் கூண்டுக்கு அனுப்பினார்கள். நோயாளிகளை அவை கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் பலவற்றுக்கு நோய் தொற்றியது!

இருமும்போது கிருமிகள் நுண்ணிய துளிகளாக வெளியே வருகின்றன. அடைத்த அறையில் அவை நெடுநேரம் மிதக்கும். அடுத்தவர் மூச்சில் புகும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால், புதுக்காற்று அவற்றை அடித்துக்கொண்டு போகும். மழை என்று எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு ஓடும் பஸ்சில் ஒருவர் விடாமல் இருமினால் என்ன ஆகும்? தட்டம்மை, புளூ காய்ச்சல், கொரோனா எல்லாமே இப்படிக் காற்றில் பரவக்கூடியவைதான்.

தோப்பூர்

மதுரைக்கும் இப்படி ஓர் ஆஸ்பத்திரி உண்டு. திருப்பரங்குன்றத்துக்கு அப்பால், தோப்பூரில், சயரோகிகளுக்காக ஊருக்கு வெளியே கட்டியது. 2020-ல் கொரோனா வந்தபோது, அந்த நோயாளிகளுக்கும் அங்கே படுக்கை போட்டார்கள்.