நியூ ஆற்றங்கரைத் தம்பதியர்

அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரம் அமைந்த செல்வச் செழிப்பு மிக்க நகரம் ஃபோர்ட் லாடர்டேல். அவ்வூர் வெறும் ஆற்றங்கரைக் காடாக இருந்த நாளில் அங்குக் குடியேறிய ஃபிராங்க் ஸ்ட்ரானஹான், ஐவி தம்பதியரின் வரலாற்றை நம் ஜமாஅத்தார் அறிய இங்குத் தருகிறோம்.

ஒஹையோ மாநிலத்தில் பிறந்த ஃபிராங்க், 1893ஆம் ஆண்டு நியூ ஆற்றங்கரைக்கு வந்தார். படகுத்துறையையும் வழிப்போக்கர் தங்கும் முகாமையும் கவனிப்பது அவர் பணி. விரைவில் கடையும் வைத்தார். செமினோல் பழங்குடியினர் மரத்தோணிகளில் முதலைத் தோல் முதலியவற்றைக் கொணர்ந்து, மாற்றாகத் துணியும் மளிகையும் பெற்றுச் சென்றனர். கொடுக்கல் வாங்கலில் நேர்மையானவர் என்று அம்மக்கள் அவரை நம்பினர்.

1899இல் 18 வயதே நிரம்பிய ஐவி, அவ்வூரின் முதல் ஆசிரியையாக வந்து சேர்ந்தார். மறு ஆண்டே திருமணம். மணமான பெண் ஆசிரியப் பணியில் தொடர்வது அக்கால வழக்கமன்று, பள்ளியை விட்டார். ஆனால் கற்பிப்பதை விட்டாரில்லை. கடைக்கு வரும் செமினோல் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தார். பெரியவர்கள் ஐயுற்றபோது அவர்தம் மரபுக்கு மதிப்பளித்துப் பொறுமையுடன் நடந்துகொண்டார். இதுவே அவர் வாழ்வின் பெரும்பணி என்பது நம் கருத்து. பெண்களின் வாக்குரிமைக்கும் அவர் பாடுபட்டார்.

1901இல் ஃபிராங்க் கட்டிய மரக்கட்டடத்தில் கீழே கடை. மேலே ஊர் மக்கள் கூடும் இடம். 1906இல் அதுவே அவர்தம் இல்லமாயிற்று. 1911இல் ஊர் நகராட்சி நிலை பெற்றது. ஃபிராங்க் வங்கியும் நடத்தினார்.

பிறகு வந்தது சோதனைக் காலம். நிலவிலை ஏற்றம் சரிந்தது, 1926 செப்டம்பரில் பெரும்புயல் வீசியது, வங்கி முறிந்தது. தம்மை நம்பி அயலார் ஒப்படைத்த அமானிதம் கரைந்ததே என்ற வேதனை அவரை வாட்டியது. உடல்நலமும் குன்றியது. 1929இல், தாம் முன்பு படகு செலுத்திய அதே ஆற்றில் மூழ்கித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் அவர் மனத்தின் பாரத்தை எண்ணாதிருக்க இயலவில்லை.

குழந்தைப் பேறற்ற ஐவி தளர்ந்து அமர்ந்துவிடவில்லை. அறைகளை வாடகைக்கு விட்டார். கீழ்த்தளத்தை உணவகத்திற்கு அளித்தார். செமினோல் மக்களுக்கான பணியையும் தொடர்ந்தார். கணவர் மறைந்து 42 ஆண்டுகள் அவ்வில்லத்திலேயே வாழ்ந்து, 1971இல் தம் 90ஆம் வயதில் மறைந்தார். ஆற்றை நோக்கி நிற்கும் அம்மரவீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.