ஆக்னிஸ் ஹண்ட் அம்மையார்

பிறர் படும் துன்பத்தைக் கண்டு இரங்கி, அதனைப் போக்க முயல்வோர் உலகில் பலர் உளர். ஆயின், அத்துன்பத்தைத் தாமே நுகர்ந்து, அந்நுகர்ச்சியையே பிறர் நலத்திற்கு ஏற்ற கருவியாக ஆக்கிக்கொண்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஆக்னிஸ் ஹண்ட் அம்மையார். எலும்பும் மூட்டும் பழுதுற்றோரைப் பேணும் செவிலித்தொழில் இன்று தனியொரு துறையாக வளர்ந்து விளங்குகின்றது. அத்துறைக்கு அடிகோலியவர் இவ்வம்மையாரே ஆவர்.

இவர் 1866ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். இங்கிலாந்தின் மேற்கெல்லையை அடுத்த ஷ்ராப்ஷயர் என்னும் பகுதியில் வளர்ந்தார். குடும்பம் பெரிது; செல்வமும் உண்டு. ஓடியாடித் திரிந்த சிறுமிக்கு ஏறத்தாழப் பத்து வயதானபோது குதிகாலில் ஒரு கொப்புளம் தோன்றியது. அச்சிறு கொப்புளமே வாழ்நாள் முழுவதற்கும் கேடாய் முடிந்தது. அதன் வழியே புகுந்த நச்சுக் கிருமிகள் குருதியிற் கலந்து இடுப்பெலும்பு மூட்டைப் பற்றின. கிருமிகளை அழிக்கும் இந்நாளைய மருந்துகள் அந்நாளில் இல்லை. ஆக்னிஸ் நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். உயிர் பிழைத்தாராயினும் கால் ஊனமாயிற்று.

அவருடைய அன்னையார் கண்டிப்பு மிக்கவர். நோயைக் காரணங்காட்டிச் சோம்பியிருத்தலை ஒப்பாதவர். ஆகவே, ஆக்னிஸ் தம் வலியைப் பிறர் அறியாதவாறு அடக்கிக்கொள்ளக் கற்றார். பிறர் இரக்கத்தை நாடி வாழ்தலைவிடத் தம்மால் இயன்றதைச் செய்து மகிழ்ந்து வாழ்தலே நன்று என்னும் உறுதி அவர் உள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றியது.

வளர்ந்தபின் அவர் செவிலியாக விரும்பினார். இரவும் பகலும் நின்றும் நடந்தும் உழைக்கவேண்டிய அத்தொழிலைக் கால் ஊனமுற்ற ஒருவர் எங்ஙனம் மேற்கொள்ள இயலும்? அவரைச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைகள் தயங்கின. அவரோ தளர்ந்தாரல்லர். 1887ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையிலுள்ள ரில் என்னும் ஊரில், குழந்தைகள் மருத்துவமனையொன்றில் பயிற்சி தொடங்கினார். பின்னர் வேறு மருத்துவமனைகளிலும் பயின்று தேர்ந்து, வீடுதோறும் சென்று நோயாளரைப் பேணும் பணியில் ஈடுபட்டார். அப்பணியில் கூட்டாளியாய் வாய்த்தவர் எமிலி குட்போர்டு என்னும் செவிலி.

1900ஆம் ஆண்டில் இருவரும் ஷ்ராப்ஷயரில் உள்ள பாஸ்சர்ச் என்னும் சிற்றூரில், நோயினின்று தேறுவோர் தங்குவதற்கென இல்லமொன்றைத் திறந்தனர். அக்காலத்தில் எலும்பைப் பற்றும் காசநோயால் வருந்திய ஏழைக் குழந்தைகள் மிகப் பலர். இல்லத்திலோ படிகள் பல. நடக்கவியலாக் குழந்தைகளை மாடிக்குத் தூக்கிச் செல்லுதல் அரிதாயிற்று. எனவே தோட்டத்தில் ஒருபுறம் திறந்த கொட்டகைகளை அமைத்துக் குழந்தைகளை அங்கே கிடத்தினர். இடர்ப்பாடு நீங்கச் செய்த இச்செயல் பெருநன்மையாய் முடிந்தது. தூய காற்றும், வெயிலும், நல்லுணவும், ஓய்வும் ஒருங்கே கிடைத்தமையால் குழந்தைகளின் உடல் தேறியது. குளிர்காலத்திலும் அவர்கள் அக்கொட்டகைகளிலேயே உறங்கினர்.

எனினும் அறுவை மருத்துவர் ஒருவரின் துணையின்றி முழுப்பயன் விளையாது என்பதை அம்மையார் உணர்ந்தார். தம் காலுக்கு மருத்துவம் நாடி லிவர்பூல் நகருக்குச் சென்றபோது, ராபர்ட் ஜோன்ஸ் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவரைக் கண்டார். பின்னர்த் தம் இல்லத்துக் குழந்தைகளையும் தள்ளுவண்டியிற் கிடத்தி, இரயிலேற்றி அவரிடம் கொண்டுசென்றார். இவ்வுழைப்பைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்த ஜோன்ஸ், 1904ஆம் ஆண்டு முதல் தாமே பாஸ்சர்ச்சுக்கு வரலானார். 1907இல் அங்கே அறுவைக்கூடம் ஒன்றும் எழுந்தது.

மருத்துவர் எலும்பை நேராக்கி வைப்பார். அஃது அந்நிலையினின்று பிறழாமற் காப்பது செவிலியின் கடமை. மாவுக்கட்டு இறுகிக் குருதியோட்டத்தைத் தடுக்கின்றதா என்பதை அறியக் கால்விரல்களின் நிறத்தையும் வெம்மையையும் அடிக்கடி நோக்குதல் வேண்டும். அசையாது கிடப்போர்க்குப் படுக்கைப்புண் தோன்றாவாறு தோலைப் பேணுதல் வேண்டும். பழுதுற்ற உறுப்பை அசையாது நிறுத்தி, ஏனைய உறுப்புகளை இயங்கச் செய்தல் வேண்டும். இவையாவும் திங்கட்கணக்கில் செய்யத்தக்கன; ஒருநாட் சோர்வும் பலநாட் பயனை அழித்துவிடும். அதனினும் அரிது, நெடுங்காலம் படுக்கையிற் கிடக்கும் குழந்தையின் மனம் சோராமற் காத்தல். நோயாளியின் அச்சமும் ஏக்கமும் எத்தகையன என்பதைத் தம் இளமையிலேயே அறிந்திருந்தமையால், அம்மையார் தம் இல்லத்தில் சிரிப்பும் விளையாட்டும் நிலவச் செய்தார்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. காயமுற்ற போர்வீரர்களும் பாஸ்சர்ச்சுக்கு வந்தனர். குழந்தைகளுக்குச் செய்த தொண்டு வீரர்களுக்கும் பயன்பட்டது. அவர்தம் பணியைப் போற்றி 1918இல் அரசு செஞ்சிலுவை விருது அளித்தது.

இவையனைத்தினும் அம்மையாரை வருத்திய குறை வேறொன்று இருந்தது. நலம்பெற்று வீடு திரும்பிய குழந்தைகளுட் சிலர், தக்க கவனிப்பின்றி மீண்டும் ஊனமுற்று வந்தனர். இதனைத் தடுக்க ஊர்தோறும் பின்காப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. பயிற்சி பெற்ற செவிலியர் குறித்த நாள்களில் அங்குச் சென்று, கட்டுகளையும் தாங்கிகளையும் சரிபார்த்துப் பெற்றோர்க்கு அறிவுரை கூறினர். மருத்துவரும் அவ்வப்போது வந்து நோக்கினார். நோயாளி வாயிலைக் கடந்ததும் மருத்துவமனையின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை இத்திட்டம் உலகிற்கு உணர்த்தியது.

1921இல் மருத்துவமனை, ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊருக்கு அருகில் போர்க்காலத்தில் படையினர்க்கென அமைந்திருந்த கட்டடங்களுக்கு மாற்றப்பட்டது. 1926இல் டேம் என்னும் உயரிய பட்டம் அம்மையாரை அடைந்தது. உடல் தேறியும் பிழைக்க வழியின்றி நின்ற இளைஞர்களைக் கண்டு வருந்திய அவர், 1927இல் டெர்வென் என்னும் தொழிற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். ஊனமுற்றோர் அங்கே கைத்தொழில் கற்றுத் தம் காலிலே தாம் நிற்கும் பெருமிதம் பெற்றனர்.

1948ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5ஆம் நாள் பிரிட்டனில் அனைவர்க்கும் உரிய தேசிய மருத்துவப் பணி தொடங்கியது. அதே திங்கள் 24ஆம் நாள், ஓயாது உழைத்த அம்மையார் பாஸ்சர்ச்சில் உயிர் நீத்தார். ஆஸ்வெஸ்ட்ரி மருத்துவமனை இன்றும் ராபர்ட் ஜோன்ஸ், ஆக்னிஸ் ஹண்ட் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது.

அம்மையாரின் கால் இறுதிவரையிலும் குணமாகவில்லை. ஆயினும், தாம் பெறாத நலத்தை ஆயிரக்கணக்கானோர் பெறுமாறு செய்தார். ஊனமுற்றோர் பிறர் இரக்கத்திற்கு மட்டுமே உரியர் என்னும் எண்ணத்தை அவர் தம் வாழ்வால் மாற்றினார். நம்முடன் பயிலும் ஊனமுற்ற தோழரை நோக்கும்போதெல்லாம் இவ்வுண்மையை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.