கம்பியில்லா அலையும் சம்பளமில்லா மூன்றாண்டும்

மாகறலில் எங்கள் சித்தப்பா ஓட்டும் பழைய ஆம்னி வேனில் கேசட் ஸ்டீரியோதான் இருக்கிறது. செல்போன் பாட்டு அதில் கேட்க வேண்டும் என்றார். நானும் சென்னை ரிச்சி தெருவில் புளூடூத் போர்டு வாங்கி வந்து, 5 வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிட்டேன். புகைதான் வந்தது. அப்பா தறியில் உட்கார்ந்து சம்பாதித்த காசு போச்சு. டிப்ளமோ படிக்கிற பிள்ளை என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் நூலகத்தில் கையில் கிடைத்தது ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை.

1858-இல் வங்காளத்தில் பிறந்தவர். அப்பா துணை மாஜிஸ்திரேட். ஆனாலும் மகனை முதலில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல் வங்க மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் மீனவர் மகன். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது.

கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான் இவருக்குச் சம்பளம் என்றார்கள். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்று வருஷம் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். வீட்டிலோ அப்பாவின் கடன்! கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

ஆராய்ச்சிக்கு நல்ல கூடமும் கிடையாது. சின்ன அறை ஒன்றில், உள்ளூர்த் தகரத் தொழிலாளியின் துணையோடு கருவிகளைச் செய்தார். 1895-இல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில், கம்பியே இல்லாமல் சுவரைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தை வெடிக்க வைத்தார். அவர் உண்டாக்கிய அலையின் நீளம் 5 மில்லிமீட்டர் வரை குறைந்தது. நம் புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அதன் அலைநீளமே சுமார் 12 சென்டிமீட்டர். யோசித்துப் பாருங்கள்!

காப்புரிமையில் அவருக்கு ஆசை இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால், கலீனா படிகத்தால் அலையை உணரும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையும் காலாவதியாக விட்டுவிட்டார். இது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு உழைப்பின் விலை தெரியும்.

பிறகு செடிகொடிகள் பக்கம் போனார், 1917-இல் தம் பெயரில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார், 1937-இல் மறைந்தார்.

இரண்டாவது போர்டுக்கு, 12 வோல்ட்டை ஐந்தாகக் குறைக்கும் சர்க்யூட்டை முதலில் போட்டு, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே இணைத்தேன். ஒலிக் கம்பிகளை வால்யூம் கண்ட்ரோலில் பற்றவைத்தேன். பாட்டு வருகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மட்டும் கூடவே ஒரு கீச்சுச் சத்தம்! ஞாயிற்றுக்கிழமை எர்த் வயரை மாற்றிப் பார்க்க வேண்டும்.