யந்திரத்துக்குப் புத்தகம் எழுதிய அம்மையார்

1944-ம் ஆண்டு ஜூலை மாதம் 2-ந் தேதி. அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலைக்குக் கடற்படை உடுப்பு அணிந்த ஒரு மாது வந்து சேர்ந்தார். வயது 37. மெலிந்த உருவம். கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர். உலகப் போர் மூண்டதும் விடுப்பு வாங்கிக்கொண்டு கடற்படையில் சேர்ந்தவர்.

அவர் முன்னே ஒரு ராட்சத யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை சுமார் 5 டன். உள்ளே 7 லட்சத்துக்கும் அதிகமான உறுப்புகள். ஹார்வர்டு மார்க் 1 என்று பெயர் பெற்ற கணக்கு யந்திரம் அது. கூட்டலுக்கு ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம். பெருக்கலுக்கு 6 விநாடி. வகுத்தலுக்கு 15 விநாடி. அந்த நாளில் இதுவே பெரிய அதிசயம்.

யந்திரம் இருந்தது. ஆனால், அதை எப்படி ஏவுவது என்று விளக்கும் புத்தகம் இல்லை! குறியீடுகள் அடங்கிய ஒரு சிறு ஏட்டைக் கையில் கொடுத்து, அடுத்த வியாழக்கிழமைக்குள் ஒரு கடினமான கணக்கை முடிக்கும்படி தலைவர் ஹோவர்டு ஐக்கன் பணித்துவிட்டார். அங்கே ஏற்கனவே வேலை பார்த்த இரண்டு இளைஞர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அம்மையார் கற்றுக்கொண்டார்.

அந்த அம்மையார்தான் கிரேஸ் ஹாப்பர்.

ஏழு கடிகாரங்கள்

கிரேஸ் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தன. தாயார் தண்டிக்கவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி விதித்தார்.

வாசர் கல்லூரியில் பட்டம் பெற்று, யேல் சர்வகலாசாலையில் 1934-ம் ஆண்டு கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1930-ல் வின்சென்ட் ஹாப்பர் என்ற ஆசிரியரை மணந்தார். 1945-ல் அந்த மணவாழ்க்கை முறிந்தது. குழந்தைகள் இல்லை.

கடற்படையில் சேர்வதும் எளிதாக இருக்கவில்லை. வயது மிஞ்சிவிட்டது. எடையோ விதித்ததற்கு 15 பவுண்டு குறைவு. தனி அனுமதி பெற்றுத்தான் சேர்ந்தார். பயிற்சியில் முதலாவதாகத் தேறினார்.

தலைவரின் உத்தரவு

போர்க்காலத்தில் மார்க் 1 இரவு பகலாக ஓடியது. 1944 ஆகஸ்டில் ஜான் வான் நாய்மன் என்ற பேரறிஞர் ஒரு கணக்கைக் கொண்டு வந்தார். அது அணுகுண்டு வேலையைச் சேர்ந்தது என்பது கணக்குப் போட்டவர்களுக்கே அப்போது தெரியாது. இத்தகைய வேலையில் கட்டளை ஒன்று பிசகினாலும் கணக்கு முழுவதும் பாழாகும். யந்திரத்தைப் பற்றிய அறிவோ இரண்டு மூன்று பேரின் தலைக்குள் மட்டும் இருந்தது. அவர்கள் வேறிடம் போய்விட்டால் என்ன கதி?

யந்திரத்துக்கு ஒரு புத்தகம் எழுதவேண்டும் என்று ஐக்கன் ஹாப்பருக்கு உத்தரவிட்டார். தமக்குப் புத்தகம் எழுதிப் பழக்கமில்லை என்று அம்மையார் தயங்கினார். கடற்படையில் உத்தரவு என்றால் உத்தரவுதான். அதற்கு மேல் பேச்சில்லை.

பகலில் கணக்கு வேலை. மீதி நேரத்தில் மின்சுற்றுப் படங்களை விரித்து வைத்துக்கொண்டு எழுத்து வேலை. அன்றன்று எழுதிய பக்கங்களை ஐக்கனிடம் படித்துக் காட்டவேண்டும்.

எதை எழுதினார்? யந்திரத்தில் எண்களைச் சேமிக்க 72 அறைகள் இருந்தன. அட்டைகளைப் படிக்கும் கருவிகள் இரண்டு. அட்டையில் துளையிடும் கருவி ஒன்று. விடையை அச்சிடும் தட்டெழுத்து யந்திரங்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. எங்கிருந்து எடுப்பது, எங்கே போடுவது, என்ன செய்வது என்ற மூன்றையும் காகித நாடாவில் துளைகளாக இடவேண்டும். பெருக்கல் நடக்கும் 6 விநாடிக்குள் வேறு எந்த வேலையை நடுவில் நுழைக்கலாம், எதை நுழைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். இவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார்.

1946-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை அச்சகம் அந்த நூலை வெளியிட்டது. 500 பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். பாஸ்கல், பாபேஜ் போன்ற பழைய மேதைகளின் சரித்திரத்தோடு தொடங்கி, மின்சுற்றுகள் வரை விளக்கியது. முகப்பில் ஆசிரியர் பெயர் ஹாப்பர் என்று இல்லை. ஆய்வுக்கூடத்தின் பணியாளர்கள் என்ற பொதுப் பெயரே இருந்தது.

அரிமளம் கடைத்தெருவில்

இது ஏதோ பழைய யந்திரத்தின் கதை, நமக்கென்ன என்று வாசகர்கள் எண்ணலாம். புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சான்றிதழை அச்சிட்டு வாங்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். கடைக்காரர் புதிய பிரிண்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டுகிறார். பொத்தானைத் தட்டியதும் காகிதம் வெளியே வருகிறது. இது எப்படி நடந்தது?

கம்ப்யூட்டரின் உள்ளே கெர்னல் என்று ஒரு காரியஸ்தர் உண்டு. நினைவகம், திரை, பிரிண்டர் ஆகிய எல்லாவற்றையும் மேய்ப்பவர் அவரே. ஆனால், ஒவ்வொரு கம்பெனியின் கருவியும் ஒவ்வொரு பாஷை பேசும். அத்தனை பாஷையும் காரியஸ்தருக்குத் தெரியாது. ஆகவே கருவிக்கு ஒரு துபாஷி வேண்டும். கம்பெனிக்காரத் துரைகளுக்கும் நம் ஊர் வர்த்தகர்களுக்கும் நடுவில் நின்று பேசினார்களே, அந்தத் துபாஷிகளைப் போல! கம்ப்யூட்டர் உலகில் இந்தத் துபாஷிக்கு டிரைவர் என்று பெயர்.

டிரைவரை எழுதுபவர் யாரோ ஒரு தேசத்தில் இருக்கும் இன்ஜினீயர். காரியஸ்தர் எதை எந்த முறையில் கேட்பார், கருவி எதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? விளக்க நூலைப் பார்த்துத்தான். கெர்னல் அடிக்கடி மாறும். அதற்கேற்ப நூலும் மாறவேண்டும். மாறாவிட்டால் அது போன வருஷத்துப் பஞ்சாங்கம். அதை நம்பி முகூர்த்தம் வைத்தால் என்ன ஆகுமோ, அதுவே அரிமளத்துப் பிரிண்டருக்கும் ஆகும். கடைக்காரர் பிரிண்டரைத் திட்டுவார். பிழை இருந்ததோ எங்கோ ஒரு பக்கத்தில்!

அந்துப்பூச்சி

ஹாப்பருக்கு இது அனுபவத்தில் தெரியும். அவருடைய நூல் வெளிவந்த பிறகும் மார்க் 1-ல் புதிய பகுதிகள் சேர்ந்தன. எழுதி முடித்தோம் என்று உட்கார வழியில்லை.

நடந்ததை உடனுக்குடன் எழுதி வைப்பது அந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம். 1947 செப்டம்பர் 9-ந் தேதி மார்க் 2 யந்திரம் கோளாறு செய்தது. திறந்து பார்த்தபோது, 70-ம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, விவரத்தையும் எழுதி வைத்தார்கள். கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. நிஜப் பூச்சியே அகப்பட்டதுதான் வேடிக்கை. அதைக் கண்டுபிடித்தவர் ஹாப்பர் அல்ல. பிற்காலத்தில் ஊர் ஊராகச் சொல்லிப் புகழ் பெறச் செய்தவர் அவர். அந்தக் குறிப்பேடு இப்போது ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் இருக்கிறது.

கையெழுத்தில் வந்த வினை

ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்கவில்லை. 1949-ல் பிலடெல்பியா நகரில் யூனிவாக் கம்ப்யூட்டரைச் செய்துவந்த கம்பெனியில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில், ஒருவர் எழுதிய நல்ல கட்டளைத் தொகுதியை மற்றவர்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதிக்கொள்வார்கள். எழுதும்போது 4 என்ற எண் ஆங்கில 'ஏ' எழுத்தாகிவிடும். 'பி' எழுத்து சற்று அகன்றால் 13 ஆகிவிடும். பிறகு நாள் கணக்கில் பிழை தேடவேண்டும். பார்த்து எழுதும் வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டால் என்ன என்று அம்மையாருக்குத் தோன்றியது. 1952-ல் அவர் செய்த ஏ-0 என்ற ஏற்பாடு, தொகுதிகளைத் தானே தேடி எடுத்துக் கோத்துக் கொடுத்தது. கம்ப்யூட்டருக்குக் கணக்குத்தான் வரும், இதெல்லாம் வராது என்று பலர் நம்ப மறுத்தார்கள்.

1953-ல் வந்த ஏ-2 ஏற்பாட்டை அதன் மூலக் கட்டளைகளோடு சேர்த்தே வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். திருத்தம் செய்தவர்கள் அதைத் திருப்பி அனுப்பலாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். மூடி வைத்த வித்தை வளராது என்ற எண்ணம் அதில் இருந்தது.

அடுத்து, சாதாரண ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுதும் ப்ளோமேட்டிக் பாஷையை உருவாக்கினார். படிப்பவருக்குக் கட்டளையே விளக்கமாகவும் அமையவேண்டும் என்பது நோக்கம். 1959-ல் பலர் கூடி கோபால் என்ற பொது பாஷையை வகுத்தபோது, அதற்குப் பெரிய ஆதாரமாக நின்றது ப்ளோமேட்டிக்தான்.

ஆறு மாதம்

1966 முடிவில், 60-வது வயதில், கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஏழு மாதம்கூட வீட்டில் இருக்கவில்லை. 1967 ஆகஸ்டில் மறுபடியும் அழைப்பு வந்தது. ஆறு மாத வேலை என்றார்கள்.

என்ன வேலை? கோபால் என்ற பெயர் ஒன்றுதான். ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு விதமாக மாற்றி வைத்திருந்தது. ஒரு யந்திரத்துக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. கப்பலுக்குக் கப்பல் கணக்கு தகராறு! ஹாப்பரின் குழு, நூலில் எழுதியபடி யந்திரம் நடக்கிறதா என்று சோதிக்கும் கட்டளைத் தொகுதிகளைத் தயாரித்தது. நூலும் யந்திரமும் ஒத்துப்போகவேண்டும் என்பதே அவருடைய பிடிவாதம்.

ஆறு மாதம் 19 ஆண்டுகளாக நீண்டது. 1986 ஆகஸ்ட் 14-ந் தேதி, ரியர் அட்மிரல் பதவியில், 79-வது வயதில் ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-ந் தேதி காலமானார். அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல் 1997-ல் கடற்படையில் சேர்ந்தது. 2016-ல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது.

பெயர் தெரியாத தொண்டு

1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று உலகெங்கும் ஓடுகிறது. ஆண்டிராய்டு கைப்பேசிகளின் உள்ளேயும் அதுவே இருக்கிறது. அதன் மூலக் கட்டளைகளுக்குள்ளேயே விளக்க நூலுக்கும் தனி இடம் உண்டு. சில விளக்கங்கள் கட்டளைக்குப் பக்கத்திலேயே எழுதப்படுகின்றன. ஒன்றைத் திருத்தும் கை மற்றதையும் திருத்தவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பல தேசத்தவர்கள் அதைப் படித்து, பழையதை நீக்கி, புதியதைச் சேர்த்து வருகிறார்கள்.

புதிய டிரைவரை எழுதியவருக்குப் பாராட்டு கிடைக்கும். பழைய பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தியவரை யாரும் தேடுவதில்லை. ஆனால், அந்த ஒரு வரி சரியாக இருப்பதால்தான் முன்பின் அறியாத ஓர் ஊரில் முன்பின் அறியாத ஒருவருடைய கருவி வேலை செய்கிறது. முகப்பில் தம் பெயர் இல்லாத ஒரு நூலோடு இந்தத் தொண்டைத் தொடங்கி வைத்தவர்களில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் முதல் வரிசையில் நிற்கிறார்.